துரையின் கார் என்றால், எந்தத் துரை?

மலையகத்துப் பழைய கார்களின் முதல் விற்பனையைத் தேடிப் போகும் வழி

கண்டியில் பழைய கார் ஒன்று விற்பனைக்கு வந்தால் விலையைச் சொல்வதற்கு முன்பே ஒரு வசனம் வந்துவிடும்: "இது துரை வைத்திருந்த கார்." மொரிஸ் மைனர், ஒஸ்டின் ஏ-40, ஹில்மன், முன்பக்கம் வட்டமான ஃபோக்ஸ்வேகன், எதுவானாலும் கதை ஒன்றுதான். புசல்லாவைப் பக்கத்துத் தோட்டம், வெள்ளைக்காரத் துரை, சீமைக்குப் போகும்போது விற்றுவிட்டுப் போனார். வாங்க வந்தவரும் தலையாட்டுவார். எந்தத் தோட்டம், எந்தத் துரை, எந்த வருஷம், எந்தக் கம்பனி விற்றது என்று அடுத்த கேள்வியைக் கேட்பவர் குறைவு.

அந்தக் கேள்விகளுக்குப் பெரும்பாலும் பதில் உண்டு என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. ஒரு காரின் முதல் விற்பனை குறைந்தது மூன்று இடங்களில் எழுத்தில் பதிந்திருக்கும்: அதைச் செய்த தொழிற்சாலையின் பேரேட்டில், இறக்குமதி செய்து விற்ற கம்பனியின் கணக்கில், பதிவு செய்த அரசாங்க அலுவலகத்தின் கோவையில். மூன்றும் ஒரே நேரத்தில் அழிந்துபோவது அரிது. கண்டிக்காரருக்கு நாலாவது வழி ஒன்றும் இருக்கிறது. அதுதான் மிக வேகமாக அழிந்துகொண்டிருக்கிறது. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

கோப்பியும் தேயிலையும் இறக்கிய கார்கள்

இலங்கைக்கு மோட்டார் கார் வந்தது 1902இல். இரண்டே வருடங்களில், 1904இல், இலங்கை ஓட்டோமொபைல் சங்கம் தொடங்கிவிட்டது. இவ்வளவு சிறிய நாட்டில் இவ்வளவு சீக்கிரத்தில் கார் வைத்திருப்பவர்களுக்கென்று சங்கம் எழுந்ததற்குக் காரணம் தோட்டப் பணம்தான். கண்டி அந்தப் பணத்தின் தலைநகர். தோட்ட முதலாளிகளின் சங்கம் 1854இல் கண்டியில்தான் தொடங்கியது. அதே ஆண்டில் ஜோன் வோக்கர் என்ற ஸ்கொட்லாந்துக்காரர் கோப்பித் தோட்டங்களுக்கு இயந்திரம் செய்து கொடுக்கக் கண்டியில் ஒரு பட்டறை போட்டார். பின்னாளில் கொழும்பில் பெரிய நிறுவனமாக வளர்ந்த வோக்கர் சன்ஸ் அதுதான். ஹட்டனில் 1875இல் தொடங்கிய பிரவுண் கம்பனியும் தோட்டத்து இயந்திர வேலையில் பிறந்ததே. கோப்பி உலர்த்தும் இயந்திரத்தையும் தேயிலை உருட்டும் இயந்திரத்தையும் பழுது பார்த்த கைகளுக்கு மோட்டார் எஞ்சின் புதுமையாக இருக்கவில்லை. இயந்திரம் வாங்கிய அதே துரைதான் பிறகு காரும் வாங்கினார்.

ஆகவே முதல் விற்பனையைத் தேடுகிறவர் முதலில் விளங்கிக்கொள்ள வேண்டியது, மலையகத்தில் ஒரு காரை 'வாங்கியவர்' எப்போதும் தனி மனிதர் அல்லர் என்பதை. தோட்டங்களில் பல இலண்டனில் பதிவான ஸ்டேர்லிங் கம்பனிகளுக்குச் சொந்தம். அவற்றின் காரியங்களைக் கொழும்பில் ஏஜென்சி ஹவுஸ் ஒன்று பார்த்துக்கொள்ளும். ஜோர்ஜ் ஸ்டுவர்ட் போன்ற ஹவுஸ்கள் 1835இலேயே தொடங்கியவை. பங்களா வாசலில் நின்ற கார் துரையின் சொந்தக் காராகவும் இருக்கலாம், கம்பனியின் காராகவும் இருக்கலாம். பதிவில் துரையின் பெயர் இல்லை என்பதால் கதை பொய் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. கம்பனியின் பெயரோ தோட்டத்தின் பெயரோ இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

இத்தனை கார்கள் இன்னும் ஓடுவதற்குக் காரணம் வேறு. 1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி வறண்டபோது அரசாங்கம் கார் இறக்குமதிக்குப் பூட்டுப் போட்டது. 1977இல் பொருளாதாரம் திறக்கும்வரை இருந்த கார்களையே நாடு பழுது பார்த்து ஓட்டியது. வேறு நாடுகளில் பழைய இரும்புக்குப் போன மொரிஸ் மைனர்கள் இங்கே கம்பளையிலும் மாத்தளையிலும் வாடகைக்கு ஓடின. யாழ்ப்பாணத்தில் தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக் காலத்தில் இதே கார்கள் மண்ணெண்ணெயில் ஓடியதை அங்கே வாழ்ந்தவர்கள் மறக்க மாட்டார்கள். 2020 மார்ச்சில் மறுபடியும் இறக்குமதி நின்றது. தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் வழி விட்டார்கள். அந்த ஐந்து வருடங்களில் பழைய கார்களின் விலை ஏறியது. அதோடு கட்டுக்கதைகளின் விலையும் ஏறியது.

இலக்கத் தகடு சொல்வது

தேடலை இலக்கத் தகட்டிலிருந்து தொடங்குவதே சுலபம். சுதந்திரத்தை ஒட்டிய காலத்துக் கார்கள் சிலோன் என்ற நாட்டின் ஆங்கிலப் பெயரிலிருந்து பொறுக்கிய இரட்டை எழுத்துகளைத் தாங்கியவை: சி.எல்., சி.வை., ஈ.எல்., ஈ.என்., ஈ.வை. என்பன அவற்றுள் சில. எழுத்துக்குப் பின்னால் நாலு இலக்கம். இந்த எழுத்து உள்ள கார் 1957க்கு முன் இலங்கையில் பதிவானது என்று தைரியமாகச் சொல்லலாம். 1957 ஜனவரியிலிருந்து சிங்கள 'ஸ்ரீ' வந்தது. 1 ஸ்ரீ, 2 ஸ்ரீ என்று இலக்கம் முன்னால், எழுத்து நடுவில். மாகாண எழுத்துகள் வந்தது 2000ஆம் ஆண்டில்.

தமிழ் வாசகருக்கு இந்த 1957 வெறும் பதிவு விபரம் அல்ல. தமிழரசுக் கட்சி அந்த எழுத்துக்கு எதிராகப் போராடியது. வடக்கிலும் கிழக்கிலும் கார்கள் தமிழ் 'சிறீ'யுடன் ஓடின. சிங்கள எழுத்தின் மேல் தார் பூசும் போராட்டம் மலையகத்துக்கும் வந்தது. 1958 ஏப்ரலில் பொகவந்தலாவையில் பொலிஸ் சுட்டதில் இரண்டு தோட்டத் தொழிலாளர்கள் இறந்தார்கள். பிரதமரும் தமிழரசுக் கட்சித் தலைவரும் செய்த பண்டாரநாயக்கா–செல்வநாயகம் ஒப்பந்தம் கிழிந்ததும் அதே மாதத்தில்தான். ஒரு பழைய காரின் தகட்டில் எழுத்து அழித்து எழுதிய தடம் தெரிந்தால் அதைப் பெயின்ட் அடித்து மூடிவிடாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். காரின் சரித்திரத்தில் அது முதல் விற்பனைக்குச் சற்றும் குறையாத பக்கம். தகட்டில் என்ன எழுதியிருந்தாலும் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் கோவையில் இலக்கம் மாறாது. தேடலுக்கு அது போதும்.

அந்தக் கோவை கொழும்பு நாரஹேன்பிட்டியில் இருக்கிறது. மோட்டார் போக்குவரத்துத் திணைக்களம் 1928இல் தொடங்கியது. ஒவ்வொரு காருக்கும் முதல் பதிவுத் திகதி, செசி இலக்கம், எஞ்சின் இலக்கம், நிறம், முதல் உரிமையாளரின் பெயரும் முகவரியும், பிறகு வந்த ஒவ்வொரு கைமாற்றமும் அங்கே பதிய வேண்டியவை. கையில் உள்ள பழைய பதிவுப் புத்தகம் அந்தக் கோவையின் நிழல். உரிமையாளர் பட்டியலில் முதல் வரி மங்கியிருந்தால் வெயிலில் பிடித்துப் பாருங்கள், நல்ல வெளிச்சத்தில் சாய்த்துப் படம் எடுங்கள். பேனா மையின் நிறம் போனாலும் பேனா அழுத்திய பள்ளம் இருக்கும்.

திணைக்களத்திடம் கேட்கும்போது உரிமையாளராகவே கேட்பது நல்லது. தகவலறியும் உரிமைக்கான 2016இன் 12ஆம் இலக்கச் சட்டம் ஒரு கதவு என்றாலும், தனி ஆளின் விபரங்களுக்கு அந்தச் சட்டமே வரம்பு வைக்கிறது. அந்த வரம்பு நியாயமானது. 1955இல் கார் வாங்கியவரின் பிள்ளைகள் இன்று உயிரோடு இருப்பார்கள்.

காரின் உடம்பில் உள்ள எழுத்து

பதிவுப் புத்தகத்தை நம்பும் முன் காரைக் கேட்க வேண்டும். ஐம்பதுகளின் மொரிஸ் மைனர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். கண்டிப் பக்கத்தில் அதிகம் மிஞ்சிய கார்களில் அதுவும் ஒன்று. அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து 1948இல் இலண்டன் கண்காட்சியில் வெளியான இந்தக் கார் 1971 வரை 16 இலட்சத்துக்கு மேல் உற்பத்தியானது. பொனட்டைத் திறந்தால் எஞ்சினுக்குப் பின்னால் உள்ள சுவரில் ஒரு சிறிய தகடு இருக்கும். அதில் மூன்று எழுத்து, இரண்டு எண், பிறகு தொடர் இலக்கம். முதல் எழுத்து 'எஃப்' என்றால் மொரிஸ் மைனர். இரண்டாவது எழுத்து உடலமைப்பு. மூன்றாவது எழுத்து தொழிற்சாலையில் அடித்த நிறம். அடுத்து வரும் எண்ணைத்தான் நாம் தேடுகிறோம்: 1 என்றால் பிரித்தானியாவிலேயே விற்கச் செய்த கார், 2 என்றால் வலப்பக்க ஸ்டீயரிங்கோடு ஏற்றுமதிக்குச் செய்தது. கொழும்பு ஏஜென்ட் புதிதாக இறக்கி விற்ற கார் என்றால் அங்கே 2 இருக்க வேண்டும். 1 இருந்தால் கதை வேறு. அது இங்கிலாந்தில் ஒருவர் வாங்கி, ஓட்டி, கப்பலில் கூடவே கொண்டுவந்த காராக இருக்கலாம். விடுமுறைக்குச் சீமைக்குப் போய்த் திரும்பிய துரைகள் அப்படிக் கொண்டுவந்ததும் உண்டு. அப்படியானால் முதல் விற்பனை கொழும்பில் நடக்கவே இல்லை. அதை இங்கிலாந்தில் தேட வேண்டும்.

எஞ்சினைப் பார்க்கும்போது அவசரப்படாதீர்கள். மைனரின் எஞ்சின் 918 சிசியில் தொடங்கி, 1952இல் 803, 1956இல் 948, 1962இல் 1098 என்று மாறியது. 1954ஆம் ஆண்டுக் கார் என்று சொல்லி உள்ளே 1098 இருந்தால் எஞ்சின் மாற்றப்பட்டது. அதை மோசடி என்று முகம் சுளிக்கத் தேவையில்லை. இறக்குமதி பூட்டியிருந்த காலத்தில் கிடைத்த எஞ்சினைப் போட்டு ஓடவைத்ததுதான் நம் கராஜ்காரர்களின் திறமை. பிறகு நிஸ்ஸான் எஞ்சினைப் போட்ட மைனர்களும் எத்தனையோ உண்டு. எஞ்சின் மாறிய திகதி புத்தகத்தில் ஏறியிருந்தால் அதுவும் காரின் வரலாறே. செசி இலக்கம் மாறியிருந்தால்தான் கவலைப்பட வேண்டும். ஒரு காரின் புத்தகத்தை இன்னொரு காருக்குப் பொருத்திவிடும் தொழில் இந்த நாட்டில் இருக்கிறது. இலக்கம் வெட்டிய இரும்பைத் தடவிப் பாருங்கள். சுற்றியுள்ள இடம் அரைத்துத் தேய்ந்ததுபோல இருந்தால், தகட்டின் ரிவெட் புதிதாக இருந்தால், வாங்காதீர்கள். அந்தக் காருக்கு வரலாறு தேடுவது வேறொருவரின் வரலாற்றைத் தேடுவதாகவே முடியும்.

சின்னச் சின்னச் சாட்சிகளும் உண்டு. டைனமோவிலும் ஸ்டார்ட்டரிலும் லூக்காஸ் கம்பனி மாதத்தையும் வருடத்தையும் அச்சாகக் குத்தியிருக்கும். டிரிப்ளெக்ஸ் கண்ணாடியின் பெயரெழுத்துகளைச் சுற்றிப் புள்ளிகள் வைத்து ஆண்டைக் குறித்திருப்பார்கள். நாலு கண்ணாடியும் ஒரே ஆண்டைச் சொன்னால், அந்தக் கார் கடுகண்ணாவ வளைவுகளில் பெரிய விபத்து எதிலும் படாமல் தப்பியது என்று ஓரளவு நம்பலாம். விற்ற ஏஜென்ட்டின் சிறிய தகடு டாஷ்போர்டிலோ கதவின் உட்புறத்திலோ இருந்தால் அதைக் கழற்றவே கூடாது. மறுசீரமைப்பு என்ற பெயரில் பெயின்டர் முதலில் எறிவது அதைத்தான்.

இங்கிலாந்துப் பேரேடு

செசி இலக்கம் சுத்தமாகக் கிடைத்துவிட்டால் அடுத்த படி கண்டியிலிருந்து நேராக வோரிக்‌ஷயருக்குப் போகிறது. கெய்டன் என்ற ஊரில் உள்ள பிரித்தானிய மோட்டார் அருங்காட்சியகம் மொரிஸ், எம்.ஜி., வூல்ஸ்லி முதலிய கம்பனிகளின் உற்பத்திப் பேரேடுகளைக் காப்பாற்றி வைத்திருக்கிறது. பணம் கட்டிக் கேட்டால் 'ஹெரிடேஜ்' சான்றிதழ் ஒன்று தருவார்கள். கார் செய்து முடிந்த திகதி, தொழிற்சாலையை விட்டு வெளியேறிய திகதி, முதல் நிறம், முதல் எஞ்சின் இலக்கம், எந்த நாட்டுக்கு அல்லது எந்த விற்பனையாளருக்கு அனுப்பினார்கள் என்பது, இவ்வளவும் பேரேட்டில் உள்ளபடி அதில் வரும். எல்லா மொடலுக்கும் எல்லா ஆண்டுக்கும் பேரேடு முழுமையாக இல்லை. ஆகவே காசு கட்டும் முன் உங்கள் மொடலுக்கு உண்டா என்று கேட்டுவிடுங்கள்.

ஃபோக்ஸ்வேகனுக்கு வுல்ஃப்ஸ்பேர்க்கில் உள்ள அருங்காட்சியகம் இதேபோன்ற சான்று தருகிறது. ரோல்ஸ் ரோய்ஸ், பென்ட்லி கார்களின் பழைய கோவைகள் இங்கிலாந்தில் போலர்ஸ்பரி என்ற ஊரில் உள்ள ஹன்ட் ஹவுஸில், அந்தக் கார் ஆர்வலர்களின் சங்கத்திடம் இருக்கின்றன. முதலில் ஓடர் கொடுத்தவரின் பெயரே அவற்றில் வரும் என்பதால் தேடுபவருக்கு அது பொற்களஞ்சியம்.

சான்றிதழ் கையில் வந்ததும் இரண்டு திகதிகளைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: தொழிற்சாலையை விட்ட திகதியும் நாரஹேன்பிட்டியில் முதல் பதிவுத் திகதியும். நடுவில் சில மாதம் போயிருந்தால் அது கப்பல் பயணமும் துறைமுகமும் ஏஜென்ட்டின் காட்சியறையும். ஒரு வருடத்துக்கு மேல் இடைவெளி என்றால் கேள்வி கேட்க வேண்டும். யாரோ வேறிடத்தில் ஓட்டிய காரா, இல்லை விற்காமல் தேங்கிய காரா? 'ஐம்பத்து மூன்றாம் ஆண்டு மொடல்' என்று வாயால் சொல்வது இந்த இரண்டு திகதிகளில் எது என்று அப்போதுதான் தெளியும்.

ஜீப்புகளுக்கு இந்த வழி பொருந்தாது. இரண்டாம் உலக யுத்தத்தின்போது, 1944 ஏப்ரலில், நேசநாட்டுத் தளபதி மவுண்ட்பேட்டன் தென்கிழக்காசியக் கட்டளைத் தலைமையகத்தைப் பேராதனைப் பூங்காவுக்குக் கொண்டுவந்தார். கண்டி முழுக்க இராணுவ வாகனம். யுத்தம் முடிந்ததும் மிகுதியான வாகனங்கள் பொதுமக்கள் கைக்கு வந்தன. அப்படி வந்த வில்லிஸ் ஜீப்புக்கு ஏஜென்ட்டும் இல்லை, காட்சியறையும் இல்லை. டாஷ்போர்டில் உள்ள தகட்டில் இராணுவத்துக்கு ஒப்படைத்த திகதி இருக்கும். அதுவே அதன் முதல் விற்பனை.

துரையைக் கண்டுபிடித்தல்

பதிவில் ஒரு ஆங்கிலப் பெயரும் ஒரு தோட்டத்தின் பெயரும் கிடைத்துவிட்டால் அடுத்து ஃபெர்கஸன் டைரக்டரி. இலங்கையின் தோட்டங்களைப் பெயர் பெயராக, ஏக்கர் கணக்கோடு, சொந்தக்காரர், ஏஜென்ட், துரை, சின்னத்துரை என்று பட்டியலிட்ட தடித்த நூல் அது. பதிவான ஆண்டின் டைரக்டரியில் அந்தத் தோட்டத்தைத் திருப்பினால், கதையில் வரும் துரை உண்மையிலேயே அங்கே இருந்தாரா என்று தெரிந்துவிடும். அடுத்தடுத்த ஆண்டுகளைப் புரட்டினால் அவர் எப்போது போனார் என்பதும் தெரியும். அவர் போன ஆண்டும் கார் கைமாறிய ஆண்டும் ஒன்றானால் சீமைக்குப் போகும்போது விற்ற கதை நிரூபணமாகிறது.

கொழும்பில் தேசிய சுவடிகள் திணைக்களத்தில் பழைய பத்திரிகைகள் இருக்கின்றன. அச்சிட்டதை அரசுக்குக் கொடுக்க வேண்டும் என்ற சட்டம் 1885இலிருந்து இருப்பதால், சிலோன் ஒப்சேர்வரும் டைம்ஸும் அங்கே கட்டுக்கட்டாக உண்டு. ஊருக்குப் போகும் தோட்டத்துரை காரை விற்க விளம்பரம் போட்டிருந்தால், அது அந்தப் பக்கங்களில்தான் இருக்கும். இதற்குப் பொறுமை வேண்டும்.

ஒரு இளவரசரின் கார்

இலங்கையில் கதை அதிகம் பிரபலமான பழைய கார் கொழும்பு கோல் ஃபேஸ் ஹோட்டலில் நிற்கிறது. 1935ஆம் ஆண்டு ஸ்டாண்டர்ட் நைன். 1940இல் கடற்படையில் மிட்ஷிப்மனாக இலங்கைக்கு வந்த இளைஞர் பிலிப், பின்னாளில் எலிசபெத் மகாராணியின் கணவர், பன்னிரண்டு பவுணுக்கு வாங்கிய கார் என்பது ஹோட்டல் சொல்லும் வரலாறு. ஐம்பதுகளில், ஹோட்டலின் தலைவராக இருந்தவர் என்று அறியப்படும் சிரில் கார்டினர் அதை வாங்கிக் காப்பாற்றினார். 2021இல் பிலிப் இறந்தபோது உலகப் பத்திரிகைகள் அந்தக் காரைப் படம் பிடித்தன.

எனக்கு அந்தக் காரின் மேல் மிகுந்த மரியாதை உண்டு. ஆனால் தேடுகிறவரின் கண்ணோடு பாருங்கள். 1935இல் செய்த கார், 1940இல் பன்னிரண்டு பவுணுக்குக் கைமாறுகிறது என்றால் அது பழைய கார். அதைப் புதிதாக வாங்கியவர் இளவரசர் அல்லர். காட்சியில் உள்ள கதை 1940இல் தொடங்குகிறது. அதற்கு முந்தைய ஐந்து வருடம், அந்தக் காரைப் புத்தம் புதிதாகக் காட்சியறையிலிருந்து ஓட்டிவந்த மனிதர், கதைக்குள் வரவில்லை. புகழுள்ள பெயர் ஒன்று வந்தவுடன் அதற்கு முன் இருந்தவர்கள் அழிந்துபோகிறார்கள். கண்டியில் 'துரையின் கார்' என்று சொல்லும்போதும் இதேதான் நடக்கிறது. ஆனால் இங்கே அழிகிறவர்கள் துரைக்குப் பின்னால் வந்தவர்கள்.

பட்டியலின் இரண்டாம் வரி

பழைய பதிவுப் புத்தகம் ஒன்றை முதல் வரியோடு மூடிவிடுவது மலையகத்துக்குச் செய்யும் அநியாயம். சுதந்திரத்துக்குப் பிறகு துரைமார் ஒவ்வொருவராகப் புறப்பட்டார்கள். 1972இலும் 1975இலும் காணிச் சீர்திருத்தம் வந்து தோட்டங்கள் அரசுடைமையானபோது மிச்சமிருந்தவர்களும் போனார்கள். அவர்களின் கார்கள் யார் கைக்கு வந்தன என்று பார்த்தால் கண்டியின் அரை நூற்றாண்டு அந்தப் பக்கத்தில் விரியும்: கொழும்பு வீதியில் புடவைக் கடை வைத்திருந்தவர், காசில் வீதி முஸ்லிம் வியாபாரி, கட்டுகஸ்தோட்டை வைத்தியர், பெரிய கங்காணியின் மகன், பேராதனைப் பல்கலைக்கழக விரிவுரையாளர். துரைக்கு முன்னால் குனிந்து நின்ற குடும்பத்தின் அடுத்த தலைமுறை துரையின் ஆசனத்தில் உட்கார்ந்து ஸ்டீயரிங்கைப் பிடித்தது இந்த இரண்டாம் வரியில்தான். எனக்கு முதல் வரியைவிட அது பெரிது.

அந்தப் பட்டியல் திடீரென்று நின்றுபோகும் இடங்களும் உண்டு. 1983 ஜூலை 26ஆம் திகதி பிற்பகல், தமிழருக்கு எதிரான வன்முறையில், கண்டியில் தீ தொடங்கியது. பேராதனை வீதியிலும் காசில் வீதியிலும் தமிழர் கடைகள் எரிந்தன. கடையோடு சேர்ந்து கணக்குப் புத்தகமும் காரின் புத்தகமும் எரிந்தன. பிறகு வந்தது பிரதி. 1983க்குப் பிறகு எடுத்த பிரதிப் புத்தகத்தோடு வரும் தமிழர் வைத்திருந்த காருக்கு, மூலப் புத்தகம் ஏன் இல்லை என்று குறை சொல்லி விலையைக் குறைப்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. புத்தகம் இல்லாத காரணமே அந்தக் காரின் வரலாறு. இப்படிப்பட்ட கார்களுக்கு நாரஹேன்பிட்டியும் கெய்டனும் இருமடங்கு முக்கியம். எரிந்துபோன தாளின் உள்ளடக்கத்தை அங்கிருந்து மீட்கலாம்.

டிரைவர்

நாலாவது வழி என்று தொடக்கத்தில் சொன்னது டிரைவரை. பங்களாக் காரைத் துரை எப்போதாவது ஓட்டுவார். தினமும் ஓட்டியவர், கழுவியவர், புகையிரத நிலையத்துக்கு அனுப்பப்பட்டவர், இரவு க்ளப் வாசலில் காத்திருந்தவர் பெரும்பாலும் தமிழ் டிரைவர்தான். அவருக்குத் தெரிந்தது எந்தப் பேரேட்டிலும் இல்லை: கார் புதிதாக வந்த நாளில் பங்களாவில் யார் யார் நின்றார்கள், கொழும்பிலிருந்து யார் ஓட்டி வந்தார்கள், எந்த வளைவில் இடித்தது, எந்த வருஷம் நிறம் மாறியது, விற்கும்போது எவ்வளவு பேசினார்கள்.

அவரது பெயர் தோட்டத்துச் செக்ரோல் என்ற வேலையாள் பதிவேட்டில் இருந்திருக்கும், நாள் சம்பளத்தோடு. அரசுடைமை, ஜனவசம் என்ற அரச தோட்டச் சபை, 1992இல் பிராந்தியக் கம்பனிகள் என்று தோட்டங்கள் கைமாறிய ஒவ்வொரு தடவையும் தோட்டத்துக் காகிதங்களில் கொஞ்சம் அழிந்தது. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு டிரைவர் குடும்பங்கள் பலவும் மற்றவர்களோடு இந்தியாவுக்குக் கப்பல் ஏறின. கண்டியில் கார் தேடுகிறவர் நீலகிரிக்குக் கடிதம் எழுத வேண்டியிருப்பது இதனால்தான். தாயகம் திரும்பியவர்களுக்கென்று தமிழ்நாட்டு அரசு தேயிலைத் தோட்டங்களைத் தொடங்கிய கூடலூர், கோத்தகிரிப் பக்கங்களில் 'எங்கப்பா கண்டியில துரைக்குக் காரோட்டினவர்' என்று சொல்லும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அந்தப் பிள்ளைகளுக்கும் இப்போது எழுபது வயது. காகிதம் இன்னும் ஐம்பது வருடம் பொறுக்கும், அவர்கள் பொறுக்க மாட்டார்கள். ஆகவே தேடலை அவர்களிடமிருந்து தொடங்குங்கள். கெய்டனுக்குப் பிறகு எழுதலாம்.

ஹந்தானையில் 1925இல் கட்டிய தேயிலைத் தொழிற்சாலை இன்று தேயிலை அருங்காட்சியகம். துரைமாரின் பொருள்களும் இயந்திரங்களும் அங்கே உண்டு. மலையகக் கார்களின் பதிவுப் புத்தகங்களின் பிரதிகளும், அவற்றை ஓட்டியவர்களின் வாய்மொழியும் சேர வேண்டிய இடம் அது என்று நான் நினைக்கிறேன். அல்லது கண்டி டி.எஸ். சேனாநாயக்க நூலகம். இடம் எதுவானாலும் ஒரே கூரையின் கீழ் இருந்தால், ஒரு காரின் கதையைத் தேடுகிறவருக்கு இன்னொரு காரின் கதை உதவும். ஒரே தோட்டத்துக்கு ஒரே ஏஜென்ட்தான் மூன்று கார் விற்றிருப்பார்.

சட்டமும் இந்தத் தேடலை ஒரு இடத்தில் கேட்கிறது. 1945க்கு முன் இலங்கையில் முதன்முதலாகப் பதிவான பயணிகள் கார்களை நாட்டிலிருந்து ஏற்றுமதி செய்ய இறக்குமதி, ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுத் திணைக்களத்தின் அனுமதிப் பத்திரம் வேண்டும். ஒரு காலத்தில் வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் வந்து அள்ளிக்கொண்டு போனவற்றில் மிஞ்சியதையாவது காப்பாற்ற அது உதவுகிறது. அங்கே கேட்பது எந்த ஆண்டு மொடல் என்பதை அல்ல, முதல் பதிவு எப்போது என்பதை. காரை விற்கவே போகிறீர்கள் என்றாலும் அந்தத் திகதியை எழுத்தில் எடுத்து வையுங்கள். வாங்குபவரிடம் புத்தகத்தோடு கொடுக்கும்போது ஒரு தனித்தாளில் டிரைவரின் பெயரையும், அவர் எந்தத் தோட்டத்தில் எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை அந்தக் காரை ஓட்டினார் என்பதையும் எழுதிச் சேருங்கள். திணைக்களத்தின் படிவத்தில் அதற்கு இடம் இல்லை.